ரோஸ் தண்ணி மஞ்சளான காலை

என் சின்ன நாத்தனாரின் மூத்த மகளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடத்தோடு சரி. எங்களுக்கு அவள் பட்டாசு. பால் பொங்கி வழிந்தால் மற்றவர்கள் அடுப்பை அணைப்பார்கள். அவள் பாத்திரத்தோடு தூக்கித் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, பிறகுதான் அடுப்பு எரிகிறதா என்று திரும்பிப் பார்ப்பாள். மனசில் கள்ளம் கிடையாது. கை மட்டும் முந்திக்கொள்ளும்.

நாத்தனாருக்கு மூன்றும் பெண்கள். இரண்டாமவள் செருப்புக்கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். மூன்றாமவளை என் அக்காவின் கொழுந்தன் மகனுக்கே கொடுத்திருக்கிறோம், அதனால் அவள் எனக்கு இரண்டு வழியிலும் மருமகள் முறை. அந்த இரண்டும் அமைதி. வீட்டுக்கு வேண்டிய சத்தம் முழுவதையும் பெரியவளே போட்டுவிட்டதால் மற்ற இரண்டுக்கும் மிச்சம் இல்லை என்று என் நாத்தனார் சொல்லிச் சிரிப்பாள்.

பட்டாசு பள்ளிப் படிப்பை முடித்தபோது, அவளுடைய தாய்மாமன், அதாவது என் வீட்டுக்காரர், ஒரே போடாகப் போட்டார்.

"இவளைச் சமையல்கட்டுக்கு அனுப்பினா வீடு தாங்காது. லேப் படிப்பு படிக்க வையுங்க. அங்க உடைக்கிறதுக்குக் கண்ணாடி நிறைய இருக்கும்."

விளையாட்டாகச் சொன்னது அப்படியே நடந்தது. படித்தாள், வேலையும் கிடைத்தது. முதல் வேலை தீக்காயம் பட்டவர்களுக்குத் தோல் வளர்க்கும் ஒரு சின்ன லேபில். நகத்தளவு நல்ல தோலை எடுத்து, அதிலிருந்து அணுக்களைப் பிரித்து, தட்டையான குடுவைகளில் போட்டு வளர்ப்பார்கள். குடுவையில் ஒரு ரோஸ் நிறத் தண்ணீர் இருக்கும். அதுதான் அணுக்களுக்குச் சாப்பாடு. சர்க்கரை, உப்பு, சத்து எல்லாம் அதற்குள் உண்டு. கூடவே ஒரு சாயமும் கலந்திருப்பார்கள். தண்ணீர் நன்றாக இருக்கும்வரை ரோஸ். புளிப்பு ஏற ஏற ஆரஞ்சு ஆகி, கடைசியில் மஞ்சளாகிவிடும். அணுக்கள் பேசாது அல்லவா, அவற்றுக்காக இந்தத் தண்ணீர் பேசும்.

தோல் அணுக்கள் பெரிய இடத்துப் பெண்கள் மாதிரி, கொறித்துக் கொறித்துத்தான் சாப்பிடும். தண்ணீர் நிறம் மாறவே நாளாகும். ஒரே இரவில் ஒரு குடுவை மஞ்சளானால் கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட குடுவையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் நடக்கக் கூடாது, ஆராய்ந்துகொண்டு நிற்கக் கூடாது. இருந்த இடத்திலேயே ப்ளீச்சை ஊற்றிக் கொன்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் குடுவைக்கும் பரவும். அதுதான் அந்த லேபின் சட்டம். பட்டாசுக்கென்றே எழுதிய சட்டம் மாதிரி இருந்தது. ஒருமுறை இப்படி ஒரே குடுவையைக் கொன்று அலமாரி முழுவதையும் காப்பாற்றிவிட்டாள். முதலாளியே எழுந்து வந்து டீ வாங்கிக் கொடுத்தார். அந்தக் கதையைச் சொல்லாமல் அவள் எந்தக் கல்யாணப் பந்தியிலும் சாப்பிட்டு எழுந்ததில்லை.

பிறகு அவளுக்கும் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழும் போய் வந்தாலும் குரல் மட்டும் ஒரே மாடியில் நிற்கிற மனிதர். கொஞ்ச காலத்தில் தோல் லேப் வேறு ஊருக்குப் போய்விட, இவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த அணு வளர்க்கும் அறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கே வளர்ப்பது தோல் இல்லை, ரத்தத்தின் வெள்ளை அணுக்கள். உடம்புக்குக் காவல் காக்கிறவை. சிலருக்கு உள்ளே கட்டி வளரும், காவல்காரர்கள் அதைக் கண்டும் காணாமல் தூங்குவார்கள். அந்தத் தூங்குமூஞ்சிகளை ரத்தத்திலிருந்து பிரித்து வெளியே எடுத்து, எதிரி யார் என்று அடையாளம் கற்றுக்கொடுத்து, எழுப்பி, பல மடங்காகப் பெருக்கி, அதே ஆள் உடம்புக்குள் திருப்பி விடுவது அங்கே வேலை. அறைக்குப் பொறுப்பானவரை எல்லாரும் பெரிய மேடம் என்பார்கள். ஆள் சின்னவர்தான், ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது.

பட்டாசு வீட்டில் இதையெல்லாம் விளக்கியபோது அவள் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அவருக்குச் சர்க்கரை வியாதி.

"காபியில ஒரு கரண்டி சர்க்கரை கேட்டா என்னைப் போலீஸ் மாதிரி பாக்கிறே. ஊர்ல யார் யாரோட அணுவுக்கோ பாட்டில் பாட்டிலா சர்க்கரைத் தண்ணி ஊத்துறியாக்கும். நானும் ஒரு குடுவைக்குள்ள போய் உட்கார்ந்துக்கலாம்போல."

"உள்ளே போனா வெளிய வர முடியாதே அத்தை."

"எதுக்கு வரணும்? அங்கேதான் சாப்பாடு நல்லா இருக்கே."

ஆரம்பத்தில் பட்டாசுக்கு உறைய வைப்பது, கழுவுவது, சாப்பாட்டுத் தண்ணீர் கலப்பது மட்டும்தான் வேலை. அணுக்களை எழுப்பி வளர்ப்பது இன்னொரு பெண்ணின் பொறுப்பு. அவள் பிரசவ லீவில் போனதும் அந்தப் பொறுப்பு இவள் கைக்கு வந்தது. முதல் ஆளே ஒரு பஸ் டிரைவர்.

அவருக்குக் கழுத்தடியில் கட்டி. மூச்சுக்குழாய்க்குப் பக்கம். கொடுத்த மருந்துக்கெல்லாம் கொஞ்சம் அடங்கிப் பிறகு தலைதூக்கியது. மருந்து தின்று தின்று அவர் ரத்தத்தில் வெள்ளை அணுவே அருகிப் போயிருந்தது, பாடுபட்டுத்தான் தேவையான அளவு எடுத்திருந்தார்கள். இன்னொரு முறை எடுக்க முடியாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அணுக்களைத் திருப்பி ஏற்றுவதற்கும் நாள் குறித்தாகிவிட்டது. அதைத் தள்ளிப்போட்டால் கட்டி காத்திருக்காது.

டிரைவரின் மனைவி அதே பஸ்ஸில் கண்டக்டர். புருஷன் ஓட்ட, இவர் விசில் ஊத, பாதி வாழ்க்கை அந்த வண்டியிலேயே போயிருந்தது. வார்டுக்குள் விடாத நேரமெல்லாம் இந்தப் பின்கட்டு நடையில் வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். பட்டாசைக் கண்டால் போதும்.

"என்ன தங்கச்சி, நம்ம ஆளுங்க எத்தனை பேரு ஏறியிருக்காங்க?"

"இப்பத்தான்க்கா வண்டியே கிளம்பியிருக்கு."

"சாப்பிடுறாங்களா?"

"கொஞ்சம் கொஞ்சமா."

"எங்க வீட்டுக்காரர் அணு இல்ல? பசிக்குதுன்னு வாய் திறந்து கேக்காது. நீயாப் பாத்துப் போடு."

வார்டில் கிடக்கிற புருஷனை விசாரிப்பதைவிட, ஹாஸ்டலில் சேர்த்த பிள்ளையை விசாரிப்பது போல இந்த அணுக்களைத்தான் அந்த அம்மா அதிகம் விசாரிப்பார்.

அணுக்களை எழுப்புவதற்குக் கண்ணுக்குத் தெரியாத மணிகள் இருக்கின்றன. அவை போய் ஒட்டியதும் தூங்குகிற அணு தன்னைச் சண்டைக்குக் கூப்பிட்டதாக நினைத்து விழித்துக்கொள்ளும். பெரிய மேடமும் பட்டாசும் சேர்ந்து மணிகளைப் போட்டார்கள். ஒன்றுக்கு ஏதாவது ஆனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு குடுவையாகப் பிரித்து, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் அலமாரிக்குள் வைத்தார்கள். "இனிமே இது நல்லா சாப்பிடும், பாத்துக்கோ" என்றார் மேடம். பட்டாசும் தலையாட்டினாள். நல்லா சாப்பிடும் என்று நாமும்தான் விருந்தாளிகளைப் பற்றிச் சொல்கிறோம். அதில் எத்தனையோ வகை இருக்கிறது.

முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒரு காலையில் பட்டாசு அலமாரியைத் திறந்தாள். இரண்டு குடுவையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முந்தின நாள் மாலை ரோஸாக விட்டுப் போனவை. இப்போது எலுமிச்சம்பழ மஞ்சள். தண்ணீருக்குள் ரவை தூவினது போலப் பொட்டுப் பொட்டாக வேறு என்னவோ மிதந்தது.

யோசிப்பதற்குத் தலை வருவதற்குள் கை வந்துவிட்டது. மஞ்சள், இரவோடு இரவாக, உள்ளே கட்டி கட்டியாகப் பூசணம் மாதிரி. பழைய லேபின் சட்டம் அவள் விரல் நுனியிலேயே இருந்தது. தொட்டிக்கு அடியிலிருந்த ப்ளீச் கேனை எடுத்தாள், முதல் குடுவையைத் திறந்தாள், ஊற்றினாள். மஞ்சளும் போய் வெறும் தண்ணீரானது. இரண்டாவதைத் திறக்கப் போகும்போது கேன் காலி. குலுக்கிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ப்ளீச்சை எடுப்பது யார் என்று அவளுக்குத் தெரியும். மாடி மாடியாகத் துடைக்கும் துப்புரவுக்காரர், எல்லாருக்கும் அவர் பினாயில் அண்ணன். தன் சரக்கு தீர்ந்தால் கேட்காமல் இவள் கேனில் பாதியைச் சாய்த்துக்கொள்வார். வாரத்துக்கு ஒரு சண்டை இதற்கென்றே இருந்தது. குடுவையை அலமாரியிலேயே மூடிவிட்டு நடைக்கு ஓடினாள்.

"அண்ணே! என் ப்ளீச் எங்க?"

"என்னது உன் ப்ளீச்? ஆஸ்பத்திரி ப்ளீச்சு. மூணாவது மாடி பாத்ரூம் எப்படி மின்னுதுன்னு போய்ப் பாத்துட்டு வந்து பேசு."

"உள்ள கிருமி புகுந்து கிடக்கு, நீங்க பாத்ரூம் அழகை வர்ணிக்கிறீங்க! குடுங்க அந்த வாளியை!"

"வாளியில தண்ணி கலந்துட்டேனே. வேணும்னா மாப்பும் தரேன்."

அந்த நேரம் பார்த்துப் பெரிய மேடம் சாப்பாட்டுப் பையோடு நடைக்குள் நுழைந்தார்.

"காலையிலேயே என்ன கச்சேரி?"

"டிரைவர் அண்ணன் குடுவை ரெண்டும் மஞ்சளாயிடுச்சு மேடம். கிருமி. ஒண்ணை முடிச்சுட்டேன். இன்னொண்ணுக்கு ப்ளீச் வாங்க வந்தேன், இவரு தர மாட்டேங்கிறாரு."

மேடம் பையைப் பினாயில் அண்ணன் கையில் திணித்துவிட்டு ஓடினார். அந்தக் குட்டைக் கால்கள் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை என்று அண்ணன் பிற்பாடு எல்லா மாடிகளிலும் சொன்னார்.

மிச்சமிருந்த குடுவையை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துவிட்டு மேடம் ஸ்டூலில் ஏறிப் பார்த்தார். திருகினார். மறுபடி பார்த்தார். பிறகு இறங்கி, "நீ பாரு" என்றார்.

பட்டாசு குனிந்தாள். திராட்சைக் கொத்துகள் மாதிரி அங்கங்கே கூட்டம் கூட்டமாக உருண்டை உருண்டை அணுக்கள். பளபளவென்று, புடைத்துப் போய்.

"கிருமியா இருந்தா நடுநடுவுல பொடிப்பொடியா துள்ளிட்டு ஓடும். துள்ளுதா?"

"இல்ல மேடம்."

"தண்ணி கலங்கியிருக்கா?"

"இல்ல. தெளிவா இருக்கு."

"அப்போ இது என்ன?"

கேட்டதற்குப் பதிலையும் மேடமே சொன்னார்.

"முழிச்சுக்கிட்டதுங்க. முழிச்ச அணு இப்படித்தான் ஒண்ணை ஒண்ணு கட்டிக்கிட்டு நிக்கும். வெறும் கண்ணுக்கு அது பொட்டு மாதிரி தெரியும். நேத்து ராத்திரி ரெண்டு குடுவையிலயும் எல்லாம் எழுந்து, இருந்த சாப்பாட்டை வழிச்சுத் தின்னுட்டு உட்கார்ந்திருக்கு."

தொட்டியில் ப்ளீச் நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது. பட்டாசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீட்டில் யாரும் அவள் வாயடைத்துப் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த அறை பார்த்தது.

மேடம் ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்துச் சர்க்கரை பார்க்கும் கருவியில் விட்டார். வீட்டில் மாமியார் விரலில் குத்திப் பார்ப்பார்களே, அதே கருவிதான். எண் வரவில்லை. அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று மட்டும் காட்டியது. மாமியார் ரத்தத்துக்கு எப்போதும் மேலே மேலே ஓடியே பழகிய கருவி, இப்படிச் சொல்லிப் பட்டாசு பார்த்ததே இல்லை.

"பட்டினி," என்றார் மேடம். "எந்திரி. அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல சாப்பாடு போடு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா புளிச்ச தண்ணியிலேயே இதுவும் போயிடும்."

"நான் தொடலாமா மேடம்?"

"வேற யாரு இருக்கா? லீவுல போனவ கைக்குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு வரணுமா? கையைக் கழுவு."

கழுவினாள். பழைய தண்ணீரைப் பதமாக வடித்து, கதகதப்பாக்கிய புது ரோஸ் தண்ணீரை ஊற்றி, நெருக்கியடித்துக் கிடந்ததை நாலு குடுவையாகப் பரத்தினார்கள். வேலை நடக்கும்போதே மேடம் கணக்கையும் சொன்னார். இந்த அணுக்கள் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். பாதி போனால் ஒரு தடவை இரட்டிப்பாகும் நேரம்தான் போனது, அதை ஈடு கட்டலாம். ஆனால் பட்டினி கிடந்தது மறுபடி அதே வேகத்தில் சாப்பிட வேண்டும். அடிபட்டுப் படுத்துவிட்டால் குறித்த நாளுக்குள் தேறாது. தேறாவிட்டால் டிரைவருக்கு வேறு வழி யாரிடமும் இல்லை.

"தப்பு உன்னோடது மட்டும் இல்ல," என்றார் மேடம் கடைசியாக. "நல்லா சாப்பிடும்னு சொன்னேன். இப்படிச் சாப்பிடும்னு சொல்லலை. இனிமே ரெண்டு பேரு பாக்காம இந்த அறையில எதையும் கொல்லக் கூடாது. ப்ளீச்சைப் பூட்டி வைக்கணும்."

"எனக்கு ஒரு சாவி?" என்றார் வாசலில் இன்னும் சாப்பாட்டுப் பையோடு நின்ற பினாயில் அண்ணன்.

"உங்களுக்கு ஒரு சாவி மாலையே போடலாம். நீங்க திருடலைன்னா இன்னிக்கு ரெண்டாவதும் போயிருக்கும்."

அவர் அதை மாலை போட்டதாகவே எடுத்துக்கொண்டார்.

டிரைவர் குடும்பத்திடம் யார் சொல்வது என்ற பேச்சு வந்தது. முறைப்படி மேடமும் பெரிய டாக்டரும் சொல்ல வேண்டியது. "நானும் வரேன். என் வாயால சொன்னாத்தான் எனக்குச் சோறு இறங்கும்" என்று பட்டாசு நின்றாள். கண்டக்டர் அம்மா வழக்கம்போல பெஞ்சில் இருந்தார். டாக்டர் ஆரம்பிப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, ரெண்டு குடுவையில ஒண்ணை நான் கொன்னுட்டேன். கெட்டுப்போச்சுன்னு நெனச்சு. கெட்டுப்போகலை. நல்லாத்தான் இருந்துச்சு."

கண்டக்டர் அம்மா அவளையே பார்த்தார். பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவனைப் பார்க்கிற பார்வை.

"ஒரு வண்டி ஆளை நடுரோட்டுல இறக்கி விட்டுட்டே."

"ஆமாக்கா."

"இன்னொரு வண்டி?"

"ஓடுது. சாப்பாடு போட்டிருக்கு."

"ஓடுதுன்னா இங்க எதுக்கு நிக்கிறே? போய் அதைப் பாரு. என் முன்னால நின்னு மூக்கைச் சிந்தினா அவருக்கு அணு வளருமா?"

அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நடையில் பட்டாசு போகும்போதும் வரும்போதும் அவர் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கேட்கவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் அத்தை, கேட்காமல் இருந்தாங்க பாருங்க, அதுதான் நெஞ்சை அறுத்துச்சு என்று என்னிடம் சொன்னாள்.

அன்று வீட்டுக்கு வந்து புருஷனிடமும் மாமியாரிடமும் விஷயத்தைச் சொன்னாள். புருஷன் தட்டில் சோறு போட்டுக் கையில் கொடுத்தார். மாமியார்தான் விடாமல் துருவினார்.

"அது ஏன் ஒரே ராத்திரியில அவ்வளவையும் தின்னுச்சு? தூங்குறப்பவும் அதே சர்க்கரைத் தண்ணியிலதானே கிடந்துச்சு?"

"தூங்குறப்போ அதுக்கு வாசல் கொஞ்சம்தான் அத்தை. சர்க்கரை உள்ள போற வாசல். மிச்சத்தையெல்லாம் உள்ளேயே மடிச்சு வெச்சிருக்கும். முழிச்சதும் எல்லாத்தையும் கொண்டு வந்து சுவர்ல மாட்டுது, பத்தாததுக்குப் புதுசாவும் செஞ்சு மாட்டுது. சுவர் முழுக்க வாசல்."

"சரி, உள்ள போகட்டும். மஞ்சள் எதுக்கு ஆகணும்?"

"விறகை நிதானமா எரிச்சா சாம்பல்தான் மிஞ்சும். அவசரத்துக்குத் திணிச்சு எரிச்சா புகை வரும்ல? இதுவும் அப்படித்தான். நிறைய காத்து இருந்தாலும் முழுசா எரிக்கிறது இல்ல. பாதியில விட்டுட்டுப் புளிப்பை வெளிய தள்ளிடுது. அந்தப் புளிப்புதான் தண்ணியை மஞ்சளாக்குது."

"வீண் செலவுக்காரங்களா இருக்காங்களே."

"நானும் அதைத்தான் மேடத்துக்கிட்ட கேட்டேன். இல்லையாம். ஒண்ணு ரெண்டாகணும்னா இன்னொரு உடம்பையே கட்டணும். எல்லா விறகையும் எரிச்சுட்டா கட்ட மரம் எங்கே? அதனால கொஞ்சத்தை எடுத்து வீடு கட்டுதாம். சண்டைக்குப் போறதுக்கு முன்னால ஆள் சேர்க்கிற அவசரம், சிக்கனம் பாக்க நேரமில்ல."

மாமியார் தாடையில் கை வைத்து யோசித்தார்.

"எனக்கு ரத்தம் முழுக்கச் சர்க்கரைதானே. அப்போ என் காவல்காரங்க எல்லாம் பயில்வானா இருக்கணுமே. ஏன் எனக்கு மாசா மாசம் சளி பிடிக்குது?"

"வெளிய சர்க்கரை மலையா கிடந்தாலும் எழுப்பி விடாத வரைக்கும் வாசல் திறக்காது அத்தை. சர்க்கரை ஏறிப்போனா காவல்காரங்களுக்கே கை கால் ஓடாதாம்."

"அப்போ காபிக்கு?"

"கிடையாது."

புருஷன் அப்போதுதான் சிரித்தார். பட்டாசும் சிரித்தாளாம். தட்டில் போட்ட சோறு அதற்குப் பிறகுதான் இறங்கியது.

மறுநாள் காலை அலமாரிக் கதவில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். வாழ்நாளில் முதல்முறையாக அவள் கை பின்தங்கியது. உள்ளே ரோஸாகவே இருந்தால் அவை படுத்துவிட்டன என்று பொருள். திறந்தாள். நாலு குடுவையும் ரோஸ் இல்லை, மஞ்சளும் இல்லை, நடுவில் என்னவோ ஆரஞ்சு மாதிரி. மனசு ஒரு பக்கமும் சாயவில்லை. மேடம் வந்து பார்த்து, "கொறிக்குதுங்க. பயந்து போயிருக்கு போல. விடு, பசி வரும்" என்றார்.

பசி வந்தது. அடுத்த நாள் கதவைத் திறந்தால் நாலும் பளீர் மஞ்சள். பழைய லேபில் யாராவது பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்கள். இவள் மஞ்சளைக் கண்டு கை தட்டினாள். சாப்பாடு போட்டாள், குடுவை கூட்டினாள். மாலையில் ஒருமுறை சொட்டு விட்டுப் பார்ப்பாள், சர்க்கரை இறங்கியிருந்தால் மறுபடி போடுவாள். "என்ன தீனி, என்ன தீனி! கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இலை போட இலை போடக் காலியாகுது" என்று போனில் என்னிடம் கத்தினாள். இனிக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னதற்கு, "நீங்க ஒண்ணு அத்தை, இப்போ குறைச்சா அதுங்களுக்குச் சண்டை போடுற புத்தியே மழுங்கிடும்" என்று என்னையே அதட்டினாள்.

பினாயில் அண்ணன் தினமும் வாசலில் தலை நீட்டி, "இன்னிக்கு மஞ்சளா?" என்பார். "மஞ்சள்!" என்றால், போகிற மாடியெல்லாம் அதை ஒலிபரப்புவார். அதைக் கண்டக்டர் அம்மாவும் பெஞ்சிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வாய் திறக்கவில்லை.

குறித்த நாள் வந்தது. அணுக்களை எண்ணும் மெஷினில் மேடம் சாம்பிளை வைத்தார். கிருமி இல்லை என்று காட்டும் சோதனைகளிலெல்லாம் அவை ஏற்கெனவே தேறியிருந்தன. இது ஒன்றுதான் பாக்கி. மெஷின் நிதானமாக எண்ணியது. பட்டாசு கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏய், கண்ணைத் திற," என்றார் மேடம். "வேண்டியதுக்கு மேலேயே இருக்கு."

கையுறையைக்கூடக் கழற்றாமல் நடைக்கு ஓடினாள். பெஞ்சில் கண்டக்டர் அம்மா எழுந்து நின்றார். அவ்வளவு நாள் கேட்காத கேள்வியை அன்றைக்குக் கேட்டார்.

"எத்தனை பேரு?"

"உட்கார இடம் இல்லக்கா. படிக்கட்டுல தொங்கிட்டு வர்றாங்க."

அந்த அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பொங்கிப் பொங்கி அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "படிக்கட்டுல தொங்கக் கூடாதுன்னு சொல்லு. உள்ள போகச் சொல்லு, உள்ள போகச் சொல்லு" என்றார்.

ஏற்றிய அன்று டிரைவர் அந்தச் சின்னப் பையைப் பார்த்து ஏமாந்துவிட்டார்.

"இவ்வளவுதானா? ரோஸ் கலர்ல இருக்கும்னாங்களே. இது வெளுத்துப் போயில்ல இருக்கு?"

"குளிப்பாட்டி அனுப்பியிருக்கோம்ண்ணே."

"சாப்பாட்டு மூட்டை ஏதும் கட்டிக் குடுக்கலையா?"

"உங்க ரத்தத்துலயே சர்க்கரை இருக்கு. இனிமே அதுங்களே வாசலைத் திறந்து எடுத்துக்கும்."

சில நாளில் அவருக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. கண்டக்டர் அம்மாவுக்கு உயிரே இல்லை. காவல்காரர்கள் உள்ளே எதிரியைக் கண்டுபிடித்து வேலையை ஆரம்பித்துவிட்டார்கள் என்பதற்கு அதுவும் ஒரு அடையாளம் என்றார் டாக்டர், ஆனால் கவலையோடுதான் பக்கத்திலேயே இருந்தார். காய்ச்சல் ஏறி, ஏறி, பிறகு இறங்கியது. கழுத்தடியில் இருந்த கட்டியும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஸ்கேன் படத்தில் தேடிப் பார்க்கிற அளவுக்குச் சுருங்கியது. எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. அதே அறையிலிருந்து போன சில பைகள் பலிக்காமலும் போயிருக்கின்றன, அதையும் பட்டாசு என்னிடம் சொல்லியிருக்கிறாள். இவருக்கு அமைந்தது.

போன மாதம் நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது இரண்டு பேருமாகக் கடைவீதிக்குப் பஸ் ஏறினோம். ஏறின பிறகுதான் அது எந்த வண்டி என்று அவளுக்கே தெரிந்தது. முன்னால் ஸ்டியரிங்கில் டிரைவர், பின்னால் விசிலோடு கண்டக்டர் அம்மா. பட்டாசு என் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தாள். முடியவில்லை. கண்டக்டர் அம்மா வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி கையை நீட்டினார்.

"இதோ பாருங்க எல்லாரும்! எங்க வீட்டுக்காரரைப் பாதி ஊத்திக் கொன்னவ இவதான். மீதியைச் சோறு போட்டு வளர்த்தவளும் இவதான்!"

ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவர் பயந்துபோய் எழுந்து எங்களுக்கு இடம் விட்டார்.

"அக்கா, மானத்தை வாங்காதீங்க" என்றாள் பட்டாசு.

"நீ உட்காருடி. என்னங்க, வண்டியை எடுங்க! நம்ம சமையக்காரம்மா ஏறியாச்சு!"

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, முன்னால் ஒரு வண்டியும் இல்லாத தெருவில் நீளமாக ஒரு ஹாரன் அடித்தார்.